எறிந்த பொருளில் எழுந்த உருவங்கள்

நுங்குக் கோம்பையைச் சில்லாக்கி வண்டி உருட்டுவது வன்னிச் சிறுவர் அறிந்த கலை. கழித்த பொருளுக்கு உருக்கொடுக்கும் அக்கைத்திறனைப் பெரும் பூங்காவாகவே வளர்த்தவர் நேக் சந்த்.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் அவருடைய ஊர் பாக்கிஸ்தானுக்குள் அடங்கியது. இந்தியா வந்தவர், சண்டிகார் நகரில் வீதி மேற்பார்வையாளரானார். அப்புதுநகருக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. இடிபாடுகளிற் கிடந்த வளையல், பீங்கான், பழுதான மின்பொருள் ஆகியவற்றைச் சைக்கிளில் ஏற்றிச் சென்று, அரசாங்கக் காட்டினுள் இரகசியமாகச் சேர்த்தார். ஊரிழந்தவர் ஊரிழந்தோரின் பண்டங்களைப் பொறுக்கினார் என்பதை வன்னி மக்களுக்கு விளக்கவேண்டுவதில்லை.

பழைய சைக்கிளின் முன்கவை விலங்குக்குக் காலாயிற்று, ஆசனம் தலையாயிற்று. நல்ல குறும்புதான்! வளையல் துண்டுகள் பெண்ணுருவங்களுக்கு ஆடையாயின.

பல்லாண்டுகளின் பின் அதிகாரிகள் இவற்றைக் கண்டனர். அனுமதியின்றி எழுந்தவையாதலால், சட்டப்படி யாவும் இடிக்கத்தக்கவை. இடிபாட்டிற் பிறந்தவை மீண்டும் இடிபாடாவதா? மக்களாதரவு அவற்றைக் காத்தது. 1976இல் பூங்கா திறக்கப்பட்டது. வேலையாட்களும் சம்பளமும் வழங்கப்பட்டன. 1990இல் புல்டோசர்கள் வந்தபோது நகரமக்களே குறுக்கே நின்று மறித்தனர். நேக் சந்த் 2015இல் காலமானார். வளையலாடைப் பெண்கள் இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றனர்.