அம்மணி போன வழி

எங்க சேவூர்ப் பக்கம் பெண்பிள்ளை என்றால் அம்மணிதான். "வா அம்மணி", "சாப்பிட்டயா அம்மணி"ன்னு ஆறு வயசுக் குழந்தையையும் கூப்பிடுவோம், அறுபது வயசு அக்காவையும் கூப்பிடுவோம். அதனால் 1838ஆம் வருஷம் பாரிஸைக் கலக்கிய ஒரு நாட்டியக்காரியின் பெயரை பிரெஞ்சுக்காரர்கள் "அமானி" என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்ததும், இது வேறு யாருமில்லை, நம்ம அம்மணிதான் என்று எனக்குப் பட்டது. ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

நான் தேடப் போனது அம்மணியை அல்ல. ரஷ்யர்களைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பாலே, பனிச்சறுக்கு நடனம், விண்வெளிப் பயணம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று துறைகளில் ஒரே நாடு எப்படி இத்தனை காலம் முன்னணியில் இருந்தது என்பதுதான் கேள்வி. நூல் பிடித்துக்கொண்டே பின்னால் போனால், ஒரு முனை கடலூர் பக்கத்தில் வந்து நிற்கிறது.

கடலூருக்கு அருகில் திருவந்திபுரம். ஏட்டில் திருவஹீந்திரபுரம், தேவநாதப் பெருமாள் கோயில் உள்ள ஊர். அங்கிருந்து ஐந்து தேவதாசிகளும் மூன்று இசைக்காரர்களும் தார்திவேல் என்ற பிரெஞ்சு ஏற்பாட்டாளருடன் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டுக் கப்பல் ஏறினார்கள். குழுவில் மூத்தவர் தில்லம்மாள், சுமார் முப்பது வயது. அம்மணிக்குப் பதினெட்டு. ரங்கம், சுந்தரம் இருவரும் பதின்ம வயதின் தொடக்கத்தில் இருந்த சிறுமிகள். கடைசிக் குழந்தை வேதத்துக்கு ஆறே வயது. ஆறு வயசுப் பிள்ளை, மாதக்கணக்கில் கடல்! 1838 கோடையில் பிரான்ஸில் இறங்கி, மன்னர் லூயி பிலிப் முன்னால் ஆடி, ஆகஸ்டில் பாரிஸின் வாரியத்தே அரங்கில் மேடை ஏறினார்கள். பிறகு லண்டன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிஜ தேவதாசி வருவதற்கு முன்பே பாரிஸ்காரர்களுக்குத் தேவதாசியைத் தெரியும். எட்டு வருஷம் முன்னால், 1830இல், தேவனும் தேவதாசியும் என்று பொருள்படும் பெயரில் ஒரு இசை நாடகம் வந்திருந்தது. அதில் புகழ்பெற்ற மரி தாலியோனி தேவதாசியாக ஆடினார். "பயதேர்" என்பது பிரெஞ்சில் தேவதாசிக்கு வழங்கிய சொல். அது போர்த்துகீசிய "பைலதெய்ரா"விலிருந்து வந்தது, ஆடுகிறவள் என்றுதான் அர்த்தம், அவ்வளவுதான். அவர்கள் மனதில் இருந்த பயதேர் வெள்ளை உடையில் காற்றில் மிதக்கிறவள். வந்து இறங்கியவர்களோ தரையை ஓங்கி மிதித்து, சலங்கை அதிர ஆடினார்கள். சிலருக்கு ஏமாற்றம். ஆனால் கவிஞர் தியோஃபில் கோத்தியே சொக்கிப்போனார். அம்மணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். பார் என்ற சிற்பி அவரை வெண்கலத்தில் வார்த்தார்.

கோத்தியே அம்மணியை மறக்கவில்லை. இருபது வருஷம் கழித்து, 1858இல், பாரிஸ் ஆப்பெராவுக்காக "சகுந்தலா" என்ற பாலேக்குக் கதை எழுதினார். அதற்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெத்திப்பா. இவருடைய தம்பி மாரியஸ் பெத்திப்பா 1847லேயே ரஷ்யாவுக்குப் பிழைக்கப் போய்விட்டவர். அந்தத் தம்பி 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேற்றியதுதான் "லா பயதேர்". இந்தியக் கோயில், நிக்கியா என்கிற தேவதாசி, அவள் காதலன் சோலோர், பூக்கூடைக்குள் ஒளிந்திருந்து அவளைக் கடிக்கும் பாம்பு. நம்ம பழைய கறுப்பு வெள்ளைப் படக் கதை மாதிரியே இருக்கும். இசை லுத்விக் மிங்குஸ். அதில் ஒரு சொட்டு கர்நாடக ராகம் கிடையாது, நடனத்தில் ஒரு அடவு கிடையாது.

ஆனாலும் அதில் ஒரு காட்சி இருக்கிறது. இறந்துபோன நிக்கியாவைத் தேடி சோலோர் அபின் மயக்கத்தில் நிழல்களின் உலகத்துக்குப் போகிறான். சரிவான மேடையில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண் இறங்குகிறாள். ஒரு காலைப் பின்னால் நீட்டி, குனிந்து, நிமிர்ந்து, இரண்டு அடி. அவள் பின்னால் இன்னொருத்தி, அதே அசைவு. இப்படி இன்றைய மேடைகளில் இருபத்து நாலு பேர், சில இடங்களில் முப்பத்திரண்டு பேர். முதலில் வந்தவள் அந்த ஒரே அசைவை முப்பது தடவைக்கு மேல் செய்திருப்பாள், கடைசியில் வந்தவள் ஒருசில தடவை. ஒருத்தி கால் நடுங்கினாலும் மொத்த வரிசையும் கெட்டுவிடும். பின்னலாடைத் தறியில் ஒரு ஊசி பழுதானால் துணி நெடுக ஓடும் கோடு மாதிரி, ஒளிக்க முடியாது. ரஷ்யப் பள்ளியின் பலம் என்ன என்று யாராவது கேட்டால் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். ஒரு பெரிய நட்சத்திரத்தை எந்த நாடும் உருவாக்கிவிடும். பின்வரிசையில் இருபத்து நாலாவது ஆளையும் அதே தரத்தில் நிறுத்துவதற்குத்தான் பள்ளிக்கூடம் வேண்டும்.

1902இல் இதே நிக்கியாவாக ஆடியவர்களில் ஒருவர் அன்னா பாவ்லோவா. இங்கேதான் கதை அடையாறுக்குத் திரும்புகிறது. 1928 வாக்கில் பாவ்லோவா குழு இந்தியா வந்தபோது ருக்மிணி தேவி அருண்டேல் பம்பாயில் அவர் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்ய நேர்ந்தது. ருக்மிணி தேவிக்கு பாலே கற்க ஆசை. பாவ்லோவா தன் குழுவிலிருந்த கிளியோ நோர்டியைச் சொல்லிக் கொடுக்க வைத்தார். கூடவே, உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்றும் சொன்னார். இந்த யோசனையைச் சொன்னவர் பொய்த் தேவதாசியாக வேஷம் கட்டிப் பேர் வாங்கியவர் என்பதை யாரும் அவ்வளவாகச் சேர்த்துப் பேசுவதில்லை. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் அதுதான் சுவாரசியம். திருவந்திபுரத்திலிருந்து போன ஒரு நினைவு பாரிஸ், பீட்டர்ஸ்பர்க் எல்லாம் சுற்றி, அடையாளம் தெரியாத உருவத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் வந்து சேர்கிறது.

அடுத்து நடந்தது பலருக்குத் தெரியும். 1933இல் மியூசிக் அகாடமியில் ருக்மிணி தேவி சதிராட்டம் பார்த்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935 டிசம்பரில் அடையாறில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்ரா. 1944இல் "குற்றாலக் குறவஞ்சி", பிறகு ராமாயண நாட்டிய நாடகங்கள். ஒளியமைப்பு, மேடை, தைத்த உடை என்று எல்லாவற்றையும் புதிதாக யோசித்தார். கலாக்ஷேத்ராவுக்குச் சொந்தமாகத் தறி போட்டுப் புடவை நெய்ததை எங்க ஊர்க்காரன் என்ற முறையில் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

இதே காலத்தில் ரஷ்யாவில் என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உறைக்கிறது. 1917 புரட்சிக்குப் பிறகு அங்கே ஒரு கேள்வி எழுந்தது. பாலே என்பது ஜார் மன்னரின் அரண்மனைக் கேளிக்கை, பிரபுக்களின் காமக்கிழத்திகள் ஆடியது, இதைத் தொழிலாளர் அரசு ஏன் காசு கொடுத்துக் காப்பாற்ற வேண்டும்? நம்ம ஊரில் சதிருக்கு எதிராகச் சொன்னதைக் கிட்டத்தட்ட அங்கேயும் சொன்னார்கள். கல்விக்குப் பொறுப்பாக இருந்த லுனாசார்ஸ்கி பாலேக்காக வாதாடினார். அரங்குகள் மூடப்படவில்லை. அதைவிட முக்கியம், ஜார் காலத்து மேடையில் ஆடி ஓய்வு பெற்ற அக்ரிப்பினா வாகனோவா அதே பள்ளியில் ஆசிரியையாக உட்கார்ந்தார். 1934இல் தன் பயிற்சி முறையைப் புத்தகமாகவே எழுதினார்.

அதாவது அவர்கள் ஆட்டத்தையும் காப்பாற்றினார்கள், ஆடியவளையும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நாம் ஆட்டத்தைக் காப்பாற்றினோம். 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. அந்தச் சட்டம் தேவை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் பார்த்த கொடுமைகள் கற்பனை அல்ல. சின்னஞ்சிறு பிள்ளைகளின் வாழ்க்கை அது. ஆனால் பொட்டுக்கட்டுவதை நிறுத்துவது வேறு, ஆடத் தெரிந்த பெண்ணைச் சபையிலிருந்து இறக்கிவிடுவது வேறு. நட்டுவனார்கள் குருவாக நிலைத்தார்கள். பாலசரஸ்வதி தன் மேதைமையால் தாக்குப்பிடித்தார். மற்ற பல குடும்பங்கள் தாங்கள் ஆடியதையே வெளியே சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். ருக்மிணி தேவியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் கௌரி அம்மாளிடம் போய் உட்கார்ந்து கற்றவர். ஆனாலும் வாகனோவாவுக்குக் கிடைத்த மாதிரி ஒரு நாற்காலி, அரசு போட்ட நாற்காலி, இங்கே எத்தனை பேருக்குக் கிடைத்தது?

ரஷ்யா சொர்க்கம் என்று எழுதுவதாக நினைக்க வேண்டாம். 1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் 108 நிமிடத்தில் பூமியைச் சுற்றி வந்தார். அடுத்த மாதமே கிரோவ் பாலே பாரிஸுக்குப் போனது. நிழல்கள் காட்சியையும் கொண்டுபோனார்கள். அம்மணி ஆடிய அதே ஊர், 123 வருஷம் கழித்து. சோலோராக ஆடியவர் ருடால்ஃப் நூரயேவ். ஜூன் 16 அன்று லெ பூர்ஜே விமான நிலையத்தில் குழுவோடு திரும்ப மறுத்து பிரான்ஸிடம் அடைக்கலம் கேட்டார். விண்வெளிக்கு ஆள் அனுப்பிய அரசால் தன் பெரிய நடனக்காரனைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியவில்லை.

விண்வெளிக் கதையிலும் அதே பள்ளிக்கூடப் புத்திதான். 1960இலேயே மாஸ்கோ அருகே விண்வெளி வீரர்களுக்கென்று ஒரு பயிற்சி மையம் தொடங்கிவிட்டார்கள். 1982இல் ராகேஷ் சர்மாவும் ரவீஷ் மல்ஹோத்ராவும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சர்மா 1984 ஏப்ரல் 3இல் மாலிஷேவ், ஸ்த்ரெகாலோவ் இருவருடன் சோயுஸ் டி-11இல் கிளம்பி சல்யூத் 7 நிலையத்தில் தங்கினார். எட்டாம் நாள் தரை இறங்கினார். எடையற்ற நிலைக்கு உடல் பழக யோகா உதவுமா என்று பார்ப்பது அவர் செய்த சோதனைகளில் ஒன்று. ரஷ்யர்களிடம் இதற்கென்றே "பென்குயின்" என்றொரு உடுப்பு உண்டு. உள்ளே எலாஸ்டிக் பட்டைகள் வைத்துத் தைத்தது, கையைக் காலை நீட்டினால் இழுத்துப் பிடிக்கும், தசை சும்மா இருக்காது. எலாஸ்டிக் ஏற்றும் வேலை தெரிந்த எங்க ஊர் டெய்லர் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதே மையத்தில் 2020-21இல் ககன்யான் வீரர்கள் நால்வர் பயிற்சி எடுத்தார்கள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

பனி நடனத்தில் இந்தப் பயிற்சி முறையின் விளைவு எண்ணிக்கையிலேயே தெரியும். 1976இல் அது ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அப்போதிருந்து 2006 வரை நடந்த ஒன்பது ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் சோவியத், அதன் பின்வந்த கூட்டணி, ரஷ்ய ஜோடிகளுக்கு. முதல் தங்கம் வாங்கிய லுத்மிலா பகோமோவா, லுனாசார்ஸ்கி பெயரைத் தாங்கியிருந்த மாஸ்கோ நாடகக் கல்லூரியில் நடன அமைப்பு படித்தவர். பாலேக்காக வாதாடியவரின் பெயர் பனி மேடை வரைக்கும் வந்துவிட்டது பாருங்கள்.

2010 வான்கூவரில் ஒரு சுற்றுக்கு நாட்டுப்புற நடனம் என்பது கருப்பொருள். ரஷ்ய ஜோடி தோம்னினா, ஷபாலின் ஆஸ்திரேலியப் பழங்குடி நடனம் என்று சொல்லி, உடம்பு நிறத் துணியில் வெள்ளைக் கோடுகள் வரைந்து, இலை கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த ஜனவரியிலேயே ஆஸ்திரேலியப் பழங்குடித் தலைவர்கள் கண்டித்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் உடலை வேஷமாகப் போடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் வருத்தத்தின் சாரம். உடையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு ஆடி, ரஷ்ய ஜோடி வெண்கலம் வாங்கியது. அதே சுற்றில் அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் "டோலா ரே" உள்ளிட்ட இந்திப் பாட்டுகளுக்கு ஆடினார்கள். அவர்களைப் பழக்கிய ஷ்பில்பாண்ட், ஜூயெவா இருவரும் சோவியத் ஒன்றியத்தில் வளர்ந்தவர்கள். இந்த ஜோடி மட்டும் இந்திய நடனம் தெரிந்த ஆசிரியை ஒருவரிடம் போய்க் கை, கண், தலை அசைவைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தது. வெள்ளிப் பதக்கம். நம்மவர்கள் இணையத்தில் அதைக் கொண்டாடித் தீர்த்தார்கள்.

நேரம் கிடைத்தால் அந்த ஆட்டத்தையும், மாரின்ஸ்கி அரங்கின் நிழல்கள் காட்சியையும் யூடியூபில் அடுத்தடுத்துப் பாருங்க. கையோடு பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் 1976இல் எடுத்த "பாலா" ஆவணப்படத்தையும் பார்த்துவிடுங்க. அரை மணி நேரம்தான். கடற்கரையில் காற்றடிக்க அவர் ஆடும் இடம் வரும்போது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்க.