சாலைக் கடைத்தெருவும் ரயில் நேரமும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தவர் திவான் ராஜா கேசவதாசர். நாஞ்சில் நாட்டு நெல்லும் பாண்டி நாட்டுச் சரக்கும் கரமனை ஆற்றைக் கடந்து மாட்டு வண்டிகளில் இங்கு வந்திறங்கின. சரக்கின் பின்னே தமிழ் வணிகரும் வந்து குடியேறினர். அந்நாளில் வண்டி புறப்படுதற்குக் குறித்த நேரமென ஒன்றில்லை. மூட்டை ஏறி முடிந்தால் வண்டி நகரும். முதலாளி வரவில்லையேல் மாடுகள் வைக்கோல் தின்றுகொண்டு நிற்கும்.

ஆளுக்காக நில்லாத வண்டி செங்கோட்டை வழியாக 1904-ஆம் ஆண்டில் கொல்லத்தை எய்திற்று. அதனுடன் வேற்றூர் மணியும் வந்தது. அக்காலத்தில் இந்திய ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. ஊர்களோ தத்தம் ஞாயிற்றைப் பார்த்தே நாழிகை கணக்கிட்டன. கொல்லத்து ஞாயிறு சென்னை ஞாயிற்றுக்கு ஏறக்குறைய கால் மணி பிந்தியது. ஆதலின் ஊர் மணியை நம்பிப் புறப்பட்டவன் வெறுந் தண்டவாளத்தையே கண்டிருப்பான்! 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது இவ்வேறுபாடு இன்னும் மிகுந்தது. திருவனந்தபுரத்தில் ஞாயிறு உச்சிக்கு வரும்போது, ஆண்டுச் சராசரியில், நம் கைக்கடிகாரம் பன்னிரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம் காட்டும். ஞாயிற்றை விட்டு ரயிலைப் பின்பற்ற நம் முன்னோர் கற்றது சிறிய மாறுதலன்று.

பத்மநாப சுவாமி கோயிலின் அருகே மேத்தன் மணி என்றோர் பழைய கடிகாரம் உண்டு. மணிதோறும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரரின் கன்னங்களில் முட்டும் காட்சியைக் காணாத சாலைவாசி இரார். முட்டு வாங்குபவர் ரயிலைத் தவறவிட்டவரோ என்று நாம் எண்ணி நகைப்பதுண்டு.

கொல்லத்திலிருந்து பாதை 1918-இல் இந்நகருக்கு நீண்டபோது, வண்டி சாக்கையோடு நின்றுவிட்டது. சாலையிலிருந்து அங்குச் செல்லக் குதிரை வண்டியோ மாட்டு வண்டியோ தேட வேண்டும். ஆகவே முன்னதாகவே புறப்படுவது கட்டாயமாயிற்று. 1931 நவம்பரில் தம்பானூரில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. சாலைக்கு அது கூப்பிடு தூரம். இதனால் விளைந்த பெரும் நன்மையை மறுப்பாரில்லை. ஆனால் "ஸ்டேஷன் பக்கத்தில்தானே" என்னும் சொல்லும் அன்றே பிறந்திருத்தல் வேண்டும். சீட்டுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருக்கும் நாம் கண்ட அளவில், பாறசாலையிலிருந்து வருபவர் முன்னதாக வந்து நிற்பார். பவர் ஹவுஸ் சாலைக்காரர் மூச்சிரைக்க ஓடி வருவார்.

1979-இல் நாகர்கோவில் வழி கன்னியாகுமரிப் பாதை திறந்தபின், குழித்துறை, இரணியல் முதலிய ஊர்களிலிருந்து சாலைக் கடைகளுக்கு நாள்தோறும் வந்து மீளும் அன்பர்கள் பெருகினர். கடை அடைப்பதற்கும் கடைசி வண்டிக்கும் இடையே அவர் படும் பாட்டை அறிவோம். வண்டிகளும் தாமதிப்பதுண்டு, அதை மறைப்பது நம் தொழிலன்று. ஆயினும் நேற்றைய தாமதத்தை இன்றைக்கும் தமக்குரிய உரிமையாகக் கணக்கிட்டு வருபவர் உளர். வேறு சிலர், பின்வரும் நண்பர் ஏறுதற்காக அபாயச் சங்கிலியை இழுக்கின்றனர். இழுத்தவுடன் தடைக்குழாயிலுள்ள காற்றழுத்தம் இறங்கிவிடும். இழுத்த பெட்டியை ஊழியர் தேடிக் கண்டு, சரிசெய்து, அழுத்தம் மீண்டும் நிரம்பிய பின்னரே வண்டி நகரும். பின்னால் வரும் வண்டிகளும் சைகைக்காகக் காத்து நிற்கும். ஒருவருடைய ஐந்து நிமிடத்துக்கு அறியாத ஆயிரம் பேர் ஈடு கொடுக்கின்றனர். 1989-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு இதற்கு ஓராண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது.

நள்ளிரவு வண்டியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பதினைந்தாம் தேதி 00.20-க்குப் புறப்படும் வண்டிக்குச் சீட்டு வாங்கியவர், பதினைந்தாம் தேதி இரவு உணவு முடித்துக் குழந்தை குட்டிகளோடு வந்து நிற்பார். அவ்வண்டி முந்தின இரவே போயிருக்கும். "பதினான்காம் தேதி இராச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பவும்" என்று சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் கொடுப்பது நம் வழக்கம்.