பொனேர்: பவளமும் உப்பும்

ஸ்கூபா டைவிங் பழகினவர்கள் ரெண்டு பேர் சேர்ந்தால், பேச்சு எப்படியும் பொனேர் தீவில் வந்து நிற்கும். வெனிசுவேலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், கரீபியன் கடலில் இருக்கும் 288 சதுர கிலோமீட்டர் தீவு அது. படகு கூடத் தேவையில்லை. வாடகை வண்டியில் சிலிண்டரைப் போட்டுக்கொண்டு போய், சாலையோரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லைப் பார்த்து நிறுத்தி, அப்படியே கடலுக்குள் நடந்துவிடலாம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பவளப்பாறை ஆரம்பித்துவிடும்.

நானும் அதற்குத்தான் போனேன். ஆனால் மீனையும் ஆமையையும் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு மனதில் தங்கியது தெற்குக் கரையில் டைவிங் செய்யும் இரண்டு இடங்களின் பெயர்கள்: 'வெள்ளை அடிமை', 'சிவப்பு அடிமை'. யார் அந்த அடிமைகள்?

கதை உப்பில் தொடங்குகிறது. 1499-ல் ஸ்பானியர்கள் வந்தபோது இங்கே கக்கெத்தியோ என்ற பழங்குடி மக்கள் இருந்தார்கள். தங்கம் கிடைக்கவில்லை. 'பயனற்ற தீவுகள்' என்று முத்திரை குத்தி, 1515 வாக்கில் அந்த மக்களை ஹிஸ்பானியோலா தீவுக்கு வேலைக்காகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

டச்சுக்காரர்களுக்கு அதே தீவு பயனுள்ளதாகத் தெரிந்தது. அவர்களுடைய பெரிய வியாபாரம் ஹெர்ரிங் மீன். அதைப் பதப்படுத்த மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். ஸ்பெயினோடு 80 வருடப் போர் நடந்ததால் அந்தப் பக்கத்து உப்பு கிடைப்பது கஷ்டமானது. பொனேரில் மழை குறைவு, வெயிலும் காற்றும் ஓயாது, தெற்குப் பகுதி கடல்மட்டத்தை ஒட்டிய தட்டை நிலம். உப்பளத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? 1636-ல் தீவைப் பிடித்தார்கள். உப்பு வாருவதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள்.

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையை விளக்க வேண்டியதில்லை. காலைப் புண்ணாக்கும் உப்புத் தண்ணீர், கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை, நிழலே இல்லாத வெட்டவெளி. அதோடு, விட்டுப் போகவும் முடியாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டச்சு அடிமை வியாபாரம் நமக்கும் அந்நியமான கதை இல்லை. பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1620-களில் சோழமண்டலக் கரை ஆட்களைப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பலேற்றியது. கரீபியனில் இருந்தது 1621-ல் தொடங்கிய மேற்கிந்தியக் கம்பெனி. கம்பெனி வேறு, கணக்கு ஒன்றுதான்.

இப்போது அந்தப் பெயர்களுக்கு வருவோம். 1830-களில் உப்பளங்களுக்குப் பக்கத்தில் உயரமான கல் தூண்கள் எழுப்பினார்கள். டச்சுக் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம், அதோடு அரச குடும்பத்தின் ஆரஞ்சு. எந்த இடத்தில் உப்பு ஏற்ற வேண்டும் என்று கப்பல்களுக்கு நிறம் வழி காட்டியது. ஆக, வெள்ளையும் சிவப்பும் மனிதர்களின் நிறமில்லை, உப்பு ஏற்றிய இடத்தின் அடையாளம்.

தூண்களுக்கு அருகே 1850-ல் கட்டிய கல் குடில்கள் இன்றும் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. வாசல் இடுப்பளவுதான். குனிந்தால் போதாது, தவழ வேண்டும். உள்ளே பெரிய ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. வாரம் முழுக்க இங்கே படுத்து எழுந்தவர்கள், வார இறுதியில் வடக்கே ரிங்கோன் கிராமத்தில் இருந்த குடும்பத்தைப் பார்க்க ஏழு மணி நேரம் நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். வண்டியில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும் தூரம் அது.

1863 ஜூலை 1-ல் டச்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. இந்தத் தீவுகளில் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு ஆளுக்கு 200 கில்டர் நஷ்ட ஈடு. விடுதலையானவர்களுக்கு ஒன்றும் இல்லை. கூலி கொடுக்க வேண்டும் என்று ஆனதும் உப்புத் தொழில் படுத்துவிட்டது. 1960-களில்தான் நவீன முறையில் மறுபடி எழுந்தது. வெள்ளை மலைபோல் குவிந்த உப்பையும் இளஞ்சிவப்புப் பாத்திகளையும் இன்றும் பார்க்கலாம். உப்பு ஏற்றும் பாலத்தின் தூண்களுக்கு அடியில் டைவிங் பிரமாதம்.

அதே 1960-களில்தான் டைவிங்கும் வந்தது. 1962-ல் டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கினார். எல்லோரும் 'கேப்டன் டான்' என்பார்கள். ஆரம்பத்தில் அவரே ஈட்டித் துப்பாக்கியால் மீன் வேட்டையாடியவர். பிறகு அதைத் தடை செய்யச் சொல்லிப் போராடினார். 1971-ல் தடை வந்தது. 1975-ல் பவளம் எடுக்கவும் தடை. 1979-ல் தீவைச் சுற்றி, 60 மீட்டர் ஆழம் வரை கடல் பூங்காவாகிவிட்டது. நங்கூரம் போடக்கூடாது, கையுறை கூடப் போடக்கூடாது. கையுறை இருந்தால் பவளத்தைப் பிடிக்கத் தோன்றுமாம்! அப்படிக் காத்த பவளத்தையும் 2023-ல் ஒரு திசு நோய் வந்து தாக்கியது.

பவளத்துக்குப் பாதுகாப்பு 1979-ல் முழுதாகக் கிடைத்துவிட்டது. உப்பு வாரியவர்களின் சந்ததிக்கு ஒரு மன்னிப்புக்கே 2022 டிசம்பர் வரை ஆனது. அப்போதைய பிரதமர் மார்க் ரூட்டே அரசு சார்பில் கேட்டார். மன்னர் வில்லெம் அலெக்ஸாண்டர் 2023 ஜூலை 1-ல் கேட்டார். விடுதலைக்குப் பிறகு 160 வருடம்!

தண்ணீருக்குள் எதையும் தொடாமல், மிதிக்காமல் அவ்வளவு மரியாதையாக நீந்துகிறோம். கரையேறியதும் அதே ஆட்கள் குடிலுக்குள் தவழ்ந்து போய்ச் சிரித்துக்கொண்டே போட்டோ எடுக்கிறோம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே வண்டியை ஒரு பத்து நிமிடம் நிறுத்துங்கள். வாசல் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு அப்புறம் கடலில் இறங்குங்கள்.