மண்டபம் முகாமும் வாசல் வேப்பிலையும்

இராமேசுவரம் செல்லும் இரயிலில், பாம்பன் பாலத்துக்குச் சற்று முன் 'மண்டபம் கேம்ப்' என்றொரு நிலையம் வரும். எதற்கான கேம்ப் என்று நாம் கேட்டுக்கொண்டதேயில்லை.

கங்காணிகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் திரட்டிச் சென்ற கூலித் தொழிலாளரைக் கடல் கடக்குமுன் நிறுத்திவைத்த இடம் அது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கை அரசே இந்திய மண்ணில் அம்முகாமை நடத்தியது. அம்மை குத்தினார்கள், சில நாள் அடைத்துவைத்துக் கண்காணித்தார்கள். காலராவும் பிளேக்கும் உடன் கப்பலேறக் கூடாது. அம்மக்கள் பணிந்தனர். இக்கரையில் வறுமையும் கடனும், அக்கரையில் கூலி. மறுக்க ஏது வழி?

அதே காலத்தில் நம் கிராமங்கள் அம்மை குத்த வந்தவரைக் கண்டு ஒளிந்தன. ஆனால் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியதும் அயலார் உள்ளே நுழைவதில்லை; மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வீட்டார் விசேடங்களுக்குப் போவதில்லை. காவலுக்கு எவரும் நிற்கவில்லை. விதி தம்முடையது என்பதால் காத்தார்கள்.

வேப்பிலை பெரியம்மையை ஒழிக்கவில்லை, தடுப்பூசியே ஒழித்தது. 1977இல் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் வேப்பிலை நோயாளியை இழிவுபடுத்தவில்லை. அவர் உடலில் தாய் இறங்கியிருப்பதாகவே சொல்லிற்று.

2020இல் கொரோனா கண்ட வீடுகள் சிலவற்றின் வாசலில் தகரம் அடித்தார்கள். தனிமைப்படுத்தல் என்னும் அதே அறிவுரைதான். ஆனால் தகரத்துக்கு அஞ்சியவர் சோதனைக்கு வருவாரா, காய்ச்சலை மறைப்பாரா? அறிவியலின் உண்மையை வேப்பிலையின் மரியாதையோடு சொல்ல நாம் இன்னும் கற்கவில்லை.