இறுதி விருப்பமும் ஒரு சிரிப்புக் கதையும்

ஷொலோம் அலைக்கம் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்க்குப் பதில் ஸலாம் சொல்லத் தோன்றும். தோன்றுவதில் பிழையில்லை. 1859இல் உக்ரேனில் பிறந்த ஷாலோம் ரபினோவிச் தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர் அது. பொருளும் நாம் நினைப்பதுதான். அவர் எழுதிய யித்திஷ், ஜெர்மன் மொழியோடு உறவுள்ளது. யூதர்களோ அதனை ஹீப்ரு எழுத்தில் எழுதினர். அறபுத்தமிழ் கண்ட நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

1915இல், மூத்த மகனைப் பறிகொடுத்த துயரில், நியூயோர்க்கில் இருந்து அவர் தமது இறுதி விருப்பத்தை எழுதினார். மறு ஆண்டு மே 13ஆம் திகதி காலமானார். தம்மைப் பிரபுக்களின் நடுவே அல்லாது சாதாரண உழைப்பாளர் மத்தியில் அடக்கம் செய்யவேண்டும் என்பது அதில் ஒன்று. மகனும் மருமகன்மாரும் தமக்காக 'கதிஷ்' ஓதவேண்டும் என்றும் கேட்டார். ஆனால், அவர்களது கொள்கை இடந்தராவிட்டால் ஓதத் தேவையில்லை. நினைவுநாளில் மகள்மார், பேரப்பிள்ளைகள், நண்பர்கள் எல்லோரும் கூடி, அவரது நகைச்சுவைக் கதையொன்றை, தங்களுக்கு நன்கு விளங்கும் எந்த மொழியிலேனும் வாசித்தாற் போதும். இவ்வளவு தாராளம் காட்டியவர் ஒன்றில் மட்டும் இறுகிவிடுகிறார். வேறு மதம் புகும் பிள்ளைக்குத் தமது உயிலில் இடமில்லை என்கிறார். நம்பிக்கை தளரலாம், வேரை அறுக்கலாகாது! பால்காரர் தெவ்யெயின் மகள் ஹவா கிறிஸ்தவனை மணந்த கதையை எழுதிய கை அல்லவா அது.

நம்பிக்கையைக் கட்டாயமாக்காமல் யூதத்துவத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க முடியுமா என்பது அவருடைய வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 1897இல் வில்னாவில் தோன்றிய 'புந்த்' தொழிலாளர் இயக்கமும் அதற்கு மொழியையே விடையாகக் கண்டது. போலந்தில் 1921இல் உருவான 'சிஷோ' பாடசாலைகள் விஞ்ஞானத்தையும் சரித்திரத்தையும் யித்திஷிலேயே போதித்தன. அமெரிக்காவிலோ 'தொழிலாளர் வட்டம்' மாலைநேரப் பாடசாலைகளை நடத்தியது. அங்கே பஸ்கா பெருநாள், அடிமைகள் விடுதலையான கதையாகச் சொல்லப்பட்டது. மூஸா நபியின் வரலாறு வேலைநிறுத்தப் பாடல்களோடு சேர்ந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

எனினும் போலந்தின் யூதப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அரச பாடசாலைகளுக்கே சென்றனர். சம்பளமில்லாப் படிப்பு, போலிஷ் மொழி தரும் தொழில்வாய்ப்பு: பெற்றோரைக் குறைசொல்ல முடியாது. சிஷோவின் பிள்ளைகளை நாஸிகள் அழித்தனர். வார்சோவுக்கு அருகில் 'மெதெம்' சுகநிலையத்தில் இருந்த சிறுவர்களும் ஆசிரியர்களும் 1942 ஓகஸ்டில் திரெப்ளிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அமெரிக்காவில் அழிவு வேறுவிதம். மாலையில் யித்திஷ் படித்த பிள்ளைகள் இடைவேளையில் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டனர்.

இன்று யித்திஷைத் தாய்மொழியாகப் பேசி வளரும் பிள்ளைகளில் அநேகர், மார்க்கப்பற்று மிகுந்த ஹஸிதிக் குடும்பங்களின் பிள்ளைகள். மொழியைக் கொண்டாடிய மதச்சார்பற்றோரின் வீடுகளில் அது நின்றுபோயிற்று. கொண்டாடாமல் வெறுமனே பேசியவர்களிடம் தங்கிவிட்டது.

ஷொலோம் அலைக்கத்தின் நினைவுநாள் வாசிப்பு மாத்திரம் நியூயோர்க்கில் தலைமுறைகளைத் தாண்டித் தொடர்ந்தது. அதனைப் பல்லாண்டுகள் முன்னின்று நடத்திய பேத்தி பெல் கோஃப்மன், பன்னிரண்டு வயதில் அமெரிக்கா வந்து, ஆங்கில நாவலாசிரியையாகிப் புகழ்பெற்று, 2014இல் தமது 103ஆவது வயதில் காலமானார். அவரது பிள்ளைப்பருவ மொழி ரஷ்யன். பாட்டனார் யித்திஷில் எழுதினாலும், வீட்டில் பிள்ளைகளோடு பேசியதும் ரஷ்ய மொழியில்தான். 'எந்த மொழியிலேனும்' என்று எழுதும்போது அவர் தம் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.