பாலம் விழுந்தால் நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் நேரம்.

சாத்தனூர் அணை நிரம்பி தென்பெண்ணையில் லட்சத்துக்கும் மேலான கனஅடி தண்ணீர் போனது. நம்ம செங்கத்துக்குப் பக்கத்துல, அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் இடையே சுமார் 16 கோடியில் கட்டி, திறந்து 3 மாதமே ஆன பாலம் அடிச்சிட்டுப் போயிடுச்சு.

அதே நாட்களில் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஒரே வீட்டில் சிக்கி 7 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. வாரக்கணக்கில் நம்ம போன்ல சுத்துனது எது? பாலத்தைப் பற்றிய மீம்ஸ் தானே?

இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. கொஞ்சம் வரலாறு சொல்றேன், பொறுமையா படிங்க.

1956 நவம்பர் 23, விடியற்காலை.

சென்னையில் இருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ஏறுகிறது. கனமழை. வெள்ளம் அரித்திருந்த பாலம் தாங்கவில்லை. என்ஜினும் பல பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. பெரும்பாலானோர் தூக்கத்தில் இருந்த நேரம். 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதற்கு 3 மாதம் முன்புதான், செப்டம்பரில், மகபூப்நகர் பக்கம் பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அப்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். இந்த முறை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி மேல் தவறு என்பதால் ஏற்கவில்லை, பொறுப்பேற்பதற்கு ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்பதால் ஏற்கிறேன் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் விளக்கமும் கொடுத்தார்.

இங்கே தமிழ்நாட்டில் கோபம் வேறு பக்கம் திரும்பியது. ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன் நம்ம ஊர்க்காரர். தி.மு.க. முதன்முதலாகப் போட்டியிட்ட 1957 தேர்தலில், "ஆண்டது", "மாண்டது" என்று எதுகை போட்டு அவரைக் கேள்வி கேட்ட முழக்கம் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. இன்றைக்கும் பெரியவர்களுக்கு அது மனப்பாடம்.

ஆக, அரியலூர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ரெண்டே விஷயம். ஒரு ராஜினாமா. ஒரு முழக்கம். போட்டித் தேர்வில் கேட்டால் டக்குனு பதில் சொல்லுவோம்.

அந்த ரயிலில் இருந்து உயிரோடு வெளியே வந்தவங்க பிறகு எப்படி வாழ்ந்தாங்க? யாருக்காவது தெரியுமா?

அடுத்தது 1964 டிசம்பர், தனுஷ்கோடி புயல்.

பாம்பனில் இருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலை ஊரை நெருங்கும் நேரத்தில் கடல் கொண்டுபோனது. 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை இருக்கும் என்பார்கள். ஒருத்தரும் பிழைக்கவில்லை. அதே புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பகுதியும் பெயர்ந்து போனது.

இதில் நாம பெருமையா சொல்றது எது? ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார் என்பது. உண்மையிலேயே பெரிய சாதனை, சந்தேகமே இல்லை.

ஆனால் பாலம் 46 நாளில் எழுந்தது. தனுஷ்கோடி எழவே இல்லை. மக்கள் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. ஊரை விட்டு வந்தவர்களின் கதையைச் சாதனைக் கதைக்குக் கொடுத்த அளவுக்கு நாம் கேட்டதில்லை.

இன்னும் பக்கத்தில் வருவோம். 2022 அக்டோபர் 30, குஜராத் மோர்பி.

பழுதுபார்த்துத் திறந்து 4 நாளே ஆன தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். முதலில் பரவியது என்ன? இளைஞர்கள் சிலர் பாலத்தை ஆட்டுகிற காணொளி. "இவனுங்க ஆடுனதால தான் விழுந்துச்சு" என்று செத்தவர்கள் தலையிலேயே பழியைப் போட்டோம். சிறப்புப் புலனாய்வுக் குழு பிறகு சொன்னது வேறு. முதன்மை வடத்தில் இருந்த 49 கம்பிகளில் 22 துருப்பிடித்து இருந்தன, அவை முன்பே அறுந்திருக்கலாம் என்றது. இந்தச் செய்தியை எத்தனை பேர் ஃபார்வர்ட் பண்ணோம்?

கோபப்படக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பொறுப்பைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒருத்தர் பதவி விலகியதும், புதுப் பாலம் வந்ததும், நம்ம கணக்கு முடிஞ்சிடுது. தப்பிச்சவங்களுக்கு அங்கேதான் கணக்கு ஆரம்பிக்குது.

ஒரு மருத்துவரா இதைச் சொல்லியே ஆகணும்.

விபத்தில் பிழைத்து வருபவரிடம் சுத்தி நிக்கிறவங்க சொல்ற முதல் வார்த்தை, "உனக்கு ஆயுசு கெட்டி", "மறுபிறவிப்பா உனக்கு". அன்போடுதான் சொல்றாங்க. ஆனால் பக்கத்து சீட்டில் தங்கச்சியைப் பறிகொடுத்தவர் காதில் அது எப்படி விழும்? "அப்போ அவளுக்கு ஆயுசு கெட்டி இல்லையா? நான் மட்டும் ஏன்?" என்றுதான் விழும். உயிர் பிழைத்ததையே குற்றமாக நினைக்கும் இந்த வேதனை, பேரிடரில் தப்பியவர்களிடம் உலகம் முழுக்கப் பார்க்கிற ஒன்று.

தூக்கம் வராது. கண்ணை மூடினால் அதே காட்சி. சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடும். பாலம் வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கிடலாமான்னு இருக்கும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் சிகிச்சை தேவை. இந்த நோய்க்கு இன்றைய பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980-இல்தான். அரியலூரில் தப்பியவர்களுக்கு அந்தப் பெயர்கூட கிடைக்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்? உலக சுகாதார நிறுவனம் எளிமையா மூணு சொல்லுது. பாருங்க, காது கொடுத்துக் கேளுங்க, தேவையான உதவியோடு இணைச்சு விடுங்க.

"என்ன நடந்துச்சு, சொல்லு சொல்லு" என்று நோண்டாதீங்க. அவங்களா சொன்னா கேளுங்க. மைக்கை நீட்டாதீங்க. அழுதா அழ விடுங்க. "சாப்ட்டியா? யாருக்குப் போன் பண்ணணும்?" என்று கேளுங்க. 10-ஆம் நாள் கூட்டம் கலைஞ்ச பிறகு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பாருங்க. அப்போதான் அவங்களுக்கு ஆள் வேணும்.

உங்களுக்கோ உங்க வீட்டிலோ இப்படி யாராவது இருந்தால் 14416, டெலி மனஸ். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். 104-க்கும் அழைக்கலாம். எத்தனை வருஷத்துக்கு முந்தைய விபத்தாக இருந்தாலும் பரவாயில்லை, அழைங்க.

அரசு மருத்துவர், செங்கம்