நிலத்தின் கருவூலமும் கொங்கு நாட்டுக் கிணறும்

கோயம்புத்தூரைத் ‘தென்னாட்டு மான்செஸ்டர்’ என்று போற்றுவது வழக்கம். இவ்வொப்புமையில் ஒரு பெரும் வேறுபாடு மறைந்து கிடக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டர், அருகிலிருந்த லங்காஷயர் சுரங்கங்களின் நிலக்கரியால் வளர்ந்த நகரம். கோயம்புத்தூரோ நிலக்கரி கிடைக்காத நாட்டில், மலையிலிருந்து விழும் நீரின் வலிமையால் எழுந்த நகரம்.

மண்ணுக்குள் கிடக்கும் எரிபொருளை மனிதன் நெடுங்காலமாக அறிவான். ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி, தமது ‘முரூஜுத் தஹப்’ நூலில் பாகூ நகரின் ‘நஃப்து’ ஊற்றுகளைக் குறிப்பிட்டுள்ளார். அந்த நஃப்திலிருந்து வடித்தெடுக்கும் எண்ணெய்க்கே நம்மவர் ‘மண்ணெண்ணெய்’ எனப் பொருத்தமாகப் பெயரிட்டனர். எனினும் நிலக்கரியும் எண்ணெயும் உலகின் ஆலைகளை இயக்கும் ஆற்றலாக உயர்ந்தது கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில்தான்.

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலானோர் கோவையில் நிறுவிய நூற்பாலை நீராவியால் இயங்கியது. நீராவிக்கு எரிபொருள் வேண்டும். நிலக்கரியோ தொலைதூரச் சுரங்கங்களிலிருந்து ரயிலேறி வரவேண்டும். ஆகவே பருத்தி விளையும் கரிசல் மண் அருகிலிருந்தும், அடுத்த நாற்பதாண்டுகளில் ஆலைகள் மெதுவாகவே பெருகின.

இந்நிலையை மாற்றியது பைக்காரா. 1929இல் தொடங்கிய அத்திட்டம் 1932இல் நிறைவேறியது. நீலகிரியின் நீர், ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கிச் சிங்காரா மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றியது. அம்மின்சாரம் கோவையை எட்டியதும் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்கும், எண்ணெய் எஞ்சின் இரைந்த கிணறுகளுக்கும் மெல்ல மெல்ல மின்மோட்டார் வந்தது. 1937இல் மேட்டூர் அணையடியிலும் நீர்மின் உற்பத்தி தொடங்கியது.

ஆயினும் நீர்மின்சாரம் பருவமழைக்குக் கட்டுப்பட்டது. தேவையோ மழைக்குக் காத்திருப்பதில்லை. எனவே 1962 முதல் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின்சாரமாயிற்று. 1987 முதல் 1990 வரை, காவிரி நீர் மின்சாரம் தந்த அதே மேட்டூரில் 840 மெகாவாட் அனல்மின் நிலையம் உருவாயிற்று. 2013இல் மேலும் 600 மெகாவாட் சேர்ந்தது. ஒடிசாவில் தோண்டப்படும் நிலக்கரி கப்பலேறி, ரயிலேறி அங்கு வருகிறது. அதைப் பொடியாக்கி எரித்து நீராவி எழுப்பி, அந்நீராவியால் சுழலியைச் சுற்றுகின்றனர். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ நிலக்கரி செலவாகிறது. எரிந்ததில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சுகிறது.

கிணற்று மின்சாரம் கொங்கு உழவனுக்கு எத்துணை உயிர்நாடி என்பதை 1970 ஜூன் காட்டிற்று. பைசாக் கணக்கிலான கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தின்போது, பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் மாண்டனர். 1990இல் விவசாய மின்சாரம் முழுவதும் இலவசமாயிற்று. அவ்வுரிமை எளிதில் கிடைத்ததன்று. அதைக் குறைகூறுவது நம் நோக்கமுமன்று.

ஆனால் கணக்கொன்று எஞ்சி நிற்கிறது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓட ஏறத்தாழ நான்கு யூனிட் தேவை. அது அனல்மின்சாரமாயின், தொலைவில் எங்கோ மூன்று கிலோ நிலக்கரி எரிந்திருக்கும். அன்று திறந்த கிணற்றில் நின்ற நீர், இன்று பல ஊர்களில் ஆயிரம் அடி ஆழ்துளைக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆழம் கூடக்கூட மின்சாரமும் கூடுகிறது. நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிலம் சேர்த்த கருவூலம். பாறை இடுக்கின் நீர், தலைமுறை தலைமுறையாய் மழை சேர்த்த கருவூலம். ஒன்றை எரித்து மற்றொன்றை இறைக்கிறோம்.

வழி அடைபட்டுவிடவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியுள்ளது. அக்காற்றும் பருவத்தோடு வந்து பருவத்தோடு போவதே. எரியாத ஆற்றல் பெருகினால் முதற்கருவூலம் காக்கப்படும். இரண்டாவதைக் காக்க எந்த மின்நிலையத்தாலும் இயலாது; குளம் தூர்வாரி மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதும், அளந்து இறைப்பதுமே அதற்கு வழி. ஆண்டுதோறும் திரும்பி வரும் நீரால் எழுந்த நாடு இது. திரும்பி வருவது எது, வராதது எது என்று பிரித்தறிவதே அவ்வரலாறு நமக்குத் தரும் பாடம்.